முள் வாசிக்கும் இசை

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் விலைவாசி உயர்வைக் கணக்கிட ஒரு பொருட்பட்டியலை வைத்திருக்கிறது. சாதாரணக் குடும்பங்கள் எவற்றுக்குக் காசு செலவழிக்கின்றனவோ அவை அதில் இருக்கும், வழக்கொழிந்தவை நீக்கப்படும். வினைல் இசைத்தட்டு 1992-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அது மறுபடியும் சேர்க்கப்பட்டது. காலாவதியாகிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு தொழில்நுட்பம் மக்களின் மாதச் செலவுக்குள் திரும்பி வந்துவிட்டதை ஓர் அரசு அலுவலகமே ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 2006-இல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் என்ற அளவுக்கு எல்.பி. எனப்படும் வினைல் இசைத்தட்டின் விற்பனை படுத்துவிட்டது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஏறுமுகம். 2022-இல் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன. அந்த ஆண்டு விற்ற சி.டி.க்கள் 3.3 கோடி. எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2024-இல் தட்டு விற்பனை 4.4 கோடியாக, வருவாய் 140 கோடி டாலராக இருந்தது.

இந்த எண்களை அளவோடு பார்க்க வேண்டும். 2024-இல் அமெரிக்க இசைத்துறையின் வருவாயில் 84 சதவீதம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. 1977-இல் அந்த நாட்டில் 34 கோடிக்கும் மேற்பட்ட எல்.பி.க்கள் விற்றன; இன்றைய விற்பனை அதில் எட்டில் ஒரு பங்கு. ஆக, வினைல் பழைய சிம்மாசனத்தைப் பிடித்துவிடவில்லை. ஆனாலும் பத்துக் கோடிக்கும் அதிகமான பாடல்கள் கைப்பேசிக்குள் கிடக்கும் காலத்தில், பத்துப் பாட்டு மட்டுமே உள்ள, பாதியில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டிய, கீறினால் கெட்டுப்போகிற ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு இத்தனை பேர் ஏன் பணம் கொடுக்கிறார்கள்?

பழைய நினைவுகளின் ஏக்கம் என்பது ஒரு பதில். தட்டையே பார்த்திராத தலைமுறையினரும் வாங்குவதால் அது பாதிப் பதில்தான். தட்டின் ஒலி டிஜிட்டலைவிடத் துல்லியமானது என்பது இன்னொரு பதில். அது தவறு; இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சரியான பதிலை எட்ட வேண்டுமானால், தட்டின் வரிப்பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரக்கிலிருந்து வினைலுக்கு

1877-இல் தாமஸ் ஆல்வா எடிசன் செய்த ஃபோனோகிராபில், வெள்ளீயத்தாள் சுற்றிய உருளையின்மீது ஊசி மேலும் கீழுமாகக் குத்தி ஒலியைப் பதிந்தது. பேசியதைத் திருப்பிக் கேட்க முடிந்தது. ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்க முடியவில்லை. பத்தாண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் உருளையைத் தட்டையாக்கினார். அவருடைய கிராமபோனில் ஊசி பக்கவாட்டில் அசைந்து சுருள்வரி போட்டது. தட்டையான பரப்பில் ஒரு பெரிய வசதி உண்டு: ஓர் அச்சை எடுத்துக்கொண்டு நாணயம் அடிப்பதுபோல் பிரதிகளை அடித்துத் தள்ளலாம். பாட்டு தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பண்டமானது அப்போதுதான்.

அந்தத் தட்டுகளின் உயிர்ப்பொருள் இந்தியாவிலிருந்து போனது. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்தால் கிடைப்பது ஷெல்லாக். அதோடு கல்மாவு, கரித்தூள், பஞ்சிழை எல்லாம் கலந்து தட்டு வார்த்தார்கள். கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அச்சடிப்பது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்குள்ளவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமே? பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே அந்தக் கம்பெனியின் ஆலை வந்துவிட்டது.

நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழன்ற அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பாட முடிந்தது. மணிக்கணக்கில் ராகத்தை விரித்துப் பழகிய பாடகர்கள் மூன்று நிமிடத்துக்குள் அதன் சாரத்தைத் தரக் கற்றுக்கொண்டார்கள். பதிவு ஊடகத்தின் எல்லை இசையின் வடிவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஷெல்லாக்கில் கலந்த கல்மாவு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. அது எஃகு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்தச் செய்யும். அதனால்தான் ஒரு பக்கம் கேட்டு முடித்ததும் முள்ளை மாற்றச் சொன்னார்கள். பழைய தட்டுகளில் பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் கேட்கும் அந்தச் சரசரப்புக்குப் பெரும் காரணமும் அந்தத் துகள்களே. இரண்டாம் உலகப்போரில் ஷெல்லாக் கிடைப்பது அரிதானது. கீழே விழுந்தால் உடையும் தட்டைப் போர்முனைக்கு அனுப்புவதும் சிரமம். அமெரிக்க ராணுவத்துக்காக அச்சடிக்கப்பட்ட ‘வி-டிஸ்க்’ தட்டுகளில் வினைல் என்ற செயற்கைப் பிசின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதில் கல்மாவு தேவையில்லை, பரப்பு வழவழப்பானது, ஆகவே சரசரப்பு மிகக் குறைவு. சரசரப்பு குறைந்தால் பள்ளத்தையும் சிறியதாக்கலாம். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. 12 அங்குல விட்டம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பழையதில் மூன்றில் ஒரு பங்கு அகலமே உள்ள நுண்பள்ளம், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை. இன்று கடைகளில் விற்பது ஏறக்குறைய அதே தட்டுதான்.

அரைக் கிலோமீட்டர் பள்ளம்

ஓர் எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே பள்ளம். வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் ஒற்றைச் சுருள் அது. 22 நிமிடத்தில் தட்டு 733 முறை சுழல்கிறது. சராசரிச் சுற்று 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய 475 மீட்டர். அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமன் அளவு.

பள்ளத்தில் ஓடுவது கூர்தீட்டிய வைரத்துணுக்கு. முள் பள்ளத்தை அழுத்தும் எடையை ஒன்றரை முதல் இரண்டு கிராம் என்று சரிசெய்வார்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் முனை பள்ளத்தைத் தொடும் பரப்பு மிகமிகச் சிறியது என்பதால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் எகிறுகிறது. வினைல் சற்றே நெகிழ்ந்து கொடுத்து, முள் கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்புவதால்தான் தட்டு பிழைக்கிறது. அழுக்கோடு ஓட்டினால் அதே அழுத்தம் தூசித் துகளைப் பள்ளத்தின் சுவரில் பதித்துவிடும்.

முள்ளின் அசைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். நொடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலி நடுத்தர உரத்தில் பதிவானால், பள்ளம் நடுக்கோட்டிலிருந்து 8 மைக்ரோமீட்டர் வரை விலகும். அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய அசைவையும் காது மெல்லிய ஒலியாகக் கேட்கும். 8 நானோமீட்டர்! ஒரு வைரஸைவிடச் சிறிய மேடுபள்ளத்தை ஒரு வைரமுனை தடவி உணர்ந்து சொல்கிறது.

இரண்டு ஒலிபெருக்கிகளுக்குத் தனித்தனி ஒலி, அதாவது ஸ்டீரியோ, ஒரே பள்ளத்தில் எப்படி அடங்குகிறது? வாய்க்காலுக்கு இரண்டு கரை இருப்பதுபோல் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள். தட்டின் பரப்புக்கு ஒவ்வொன்றும் 45 பாகைச் சரிவில் நிற்கும். ஒரு சுவரின் நெளிவு இடப்பக்க ஒலி, மற்றதன் நெளிவு வலப்பக்க ஒலி. இந்த வழியைத் தன் காப்புரிமையில் எழுதி வைத்தவர் ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஆண்டு 1931. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942-இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, தமது 38-ஆவது வயதில் இறந்துபோனார்.

முள்ளின் மறுமுனையில் இம்மியளவு காந்தம். அதைச் சுற்றி இரண்டு கம்பிச்சுருள்கள். காந்தம் அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது மைக்கேல் ஃபாரடே கண்ட விதி. கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஆம்பிளிஃபயர் பெருக்கித் தருகிறது. நடுவில் எந்தக் குறியீடும் இல்லை, கணக்கும் இல்லை. பள்ளத்தின் வடிவமே ஒலியலையின் வடிவம்.

எல்லைகளோடு ஒரு போராட்டம்

அப்படியே பதிந்தால் வேலைக்கு ஆகாது. ஒரே உரத்தில் பதியும்போது அதிர்வெண் குறையக் குறையப் பள்ளத்தின் ஆட்டம் அகலமாகும். மேற்சொன்ன 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 8 மைக்ரோமீட்டர் என்றால், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 160 மைக்ரோமீட்டர். அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரமே 120 மைக்ரோமீட்டர்தான். ஒரு பள்ளம் இன்னொன்றை வெட்டிவிடும். ஆகவே பதியும்போதே கீழ் ஒலிகளைத் திட்டமிட்டுக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்கும்போது ஆம்பிளிஃபயரின் முன்பகுதி அதைத் தலைகீழாக்குகிறது: 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய ஒன்பது மடங்கு உயர்த்துகிறது, 20,000 ஹெர்ட்ஸைப் பத்தில் ஒரு பங்காகத் தணிக்கிறது. மேல் ஒலிகள் தணியும்போது வினைலின் பரப்பு எழுப்பும் இரைச்சலும் சேர்ந்தே தணிந்துவிடும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. நிறுவனத்துக்கு ஒரு விதமாக இருந்த இந்தக் கணக்கை அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1954-இல் ஒரே தரமாக்கியது. உலகம் முழுவதும் இன்றும் அதுவே நடப்பு.

வேறு எல்லைகளும் உண்டு. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும், வெளி விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே வரும்போது நொடிக்கு 21 சென்டிமீட்டராகிவிடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரோமீட்டர் நீளம். உள்ளே 21 மைக்ரோமீட்டர். முள்முனையே அந்த நெளிவுக்குள் நுழையத் திணறும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலி கரகரப்பதற்கு இதுதான் காரணம். விவரமறிந்த தயாரிப்பாளர்கள் அமைதியான பாட்டைக் கடைசியில் வைப்பார்கள். கீழ் ஒலிகள் இடம், வலமென்று முரண்பட்டால் பள்ளத்தின் ஆழம் மாறி முள் துள்ளிவிடும். அதனால் அவற்றை நடுவில் நிறுத்துவார்கள். ஒரு கீறல் பள்ளத்தின் சுவரை உடைத்தால் முள் முந்தைய சுற்றுக்கே தாவி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் ஆட்களைப் பார்த்துச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயந்திரவியல் இவ்வளவுதான்.

இத்தனை எல்லைகளையும் மனதில் வைத்து, ஒரு பாட்டைப் பள்ளத்துக்கு ஏற்றபடி செதுக்குவது ஒரு தனிக்கலை. அதைச் செய்பவர் வெட்டுப் பொறியாளர். அவர் முன்னே இருப்பது பெரும்பாலும் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த வெட்டும் இயந்திரம். உரத்தைக் கூட்டினால் பள்ளம் அகலமாகி நேரம் குறையும். நேரத்தைக் கூட்டினால் உரம் குறையும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதைக் காதால் முடிவு செய்ய வேண்டும்.

தட்டு பிறக்கும் விதம்

அலுமினியத் தகட்டின்மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப்பூச்சில் பள்ளம் வெட்டப்படுகிறது. அதன்மீது வெள்ளியை மெல்லப் படியவைத்து, நிக்கல் மின்முலாம் ஏற்றிப் பிரித்தெடுத்தால் பள்ளங்கள் மேடுகளாக நிற்கும் ஓர் உலோக அச்சு கிடைக்கும். அதிலிருந்து ‘தாய்’ அச்சு, தாயிலிருந்து தட்டு அடிக்கும் பல அச்சுகள். சூடாக்கி இளக்கிய வினைல் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, நீராவி வெப்பத்தில், ஏறக்குறைய நூறு டன் விசையோடு அழுத்துகிறார்கள். அரை நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒருசேர விழும். குளிர்ந்த நீர் பாய்ந்து தட்டை இறுக்குகிறது. கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது. 180 கிராம் எடையுள்ள தட்டு உயர்ந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள்; எடை கூடினால் தட்டு வளையாமல் இருக்கலாம், பள்ளம் என்னவோ அதே பள்ளம்தான்.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பது 2020 பிப்ரவரி 6 அன்று தெரிந்தது. வெட்டுவதற்கான அரக்குத் தகடுகளை உலகில் இரண்டே நிறுவனங்கள் செய்துவந்தன. ஒன்று கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ். அன்றைய தீயில் அது சாம்பலானது. மொத்தப் பாரமும் ஜப்பானில் இருந்த மற்ற நிறுவனத்தின் தலையில் விழுந்தது. கரோனா காலத்தில் தட்டுக்குத் தேவையும் ஏறியதால், அச்சுக்குக் கொடுத்துவிட்டு இசைக்கலைஞர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நிலைமையைத் தாங்கிப் பிடித்தவை பழைய இயந்திரங்களைத் தூக்கி எறியாத ஆலைகள். செக் நாட்டில் பிராகுக்கு அருகே லொடெனிட்ஸே என்ற சிற்றூரில் 1951 முதல் தட்டு அச்சடிக்கும் ஓர் ஆலை, சி.டி. கொடிகட்டிப் பறந்த நாளிலும் தன் அச்சு இயந்திரங்களை விற்காமல் வைத்திருந்தது. ஜி.இசட். மீடியா என்ற அந்த நிறுவனம் இன்று உலகின் மிகப்பெரிய வினைல் உற்பத்தியாளர். புதிய ஆலைகளும் வந்தன. ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் 2017-இல் டெட்ராய்ட் நகரில் ஒன்றைத் திறந்தார்.

எது துல்லியம்?

இப்போது அந்தப் பெரிய கேள்வி. தட்டின் ஒலி சி.டி.யைவிடத் துல்லியமானதா? இல்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சி.டி. தரும் இடைவெளி 96 டெசிபல். தட்டில் 60 முதல் 70. இடப்பக்க ஒலி வலப்பக்கத்துக்குக் கசிவது தட்டில் பல மடங்கு அதிகம். நடுத்துளை இம்மி விலகினாலும் சுருதி ஏறி இறங்கும்.

டிஜிட்டலில் ஒலி படிக்கட்டுபோல் துண்டுதுண்டாகிவிடுகிறது, தட்டில் மட்டுமே முழு அலையும் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் நிறுவிய தேற்றத்தின்படி, ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால், அந்த அதிர்வெண் வரையிலான அலையை ஒரு வளைவும் விடுபடாமல் மீட்கலாம். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். சி.டி. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கிறது. ஒலிபெருக்கிக்குப் போகும்போது படிக்கட்டு எதுவும் மிஞ்சுவதில்லை. வழுவழுப்பான அலைதான் போகிறது.

அப்படியானால் தட்டில் கேட்கும் ‘இதமான’ ஒலி கற்பனையா? கற்பனை அல்ல. முள்ளும் பள்ளமும் சேர்ந்து மூல ஒலியோடு சில இணை அதிர்வுகளைக் கலக்கின்றன. உயர் அதிர்வெண்கள் சற்று மழுங்குகின்றன. அந்தத் திரிபு சிலர் காதுக்கு இனிக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: பல சமயங்களில் தட்டுக்கும் டிஜிட்டலுக்கும் தனித்தனியாக ஒலிக்கலவை தயாரிக்கிறார்கள். 1990-களிலிருந்து சி.டி.க்களில் உரத்தைக் கூட்டும் போட்டி மூண்டது. மெல்லிய பகுதிகளையும் உரத்துக்கு உயர்த்தி, பாட்டின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கினார்கள். 2008-இல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தில் ஒலி கிழிகிறது என்று ரசிகர்களே புகார் சொன்னார்கள். தட்டில் உரத்தைக் கூட்டினால் நேரம் குறையும் என்பதால் அந்தப் போட்டிக்கு அங்கே ஆதாயம் இல்லை. அந்த இடத்தில் நல்லதாகக் கேட்டது தட்டின் துல்லியம் அல்ல. கலவை செய்தவரின் நிதானம்.

டிஜிட்டல் ஒலியைக் கெடுப்பதில்லை என்பதற்கு 2022 ஜூலையில் ஒரு நிரூபணம் கிடைத்தது. மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய தட்டுகளுக்குப் பேர்போனது. சில தட்டுகள் நூறு டாலருக்கும் மேல் விலைபோகும். 2011 முதலே அவர்களுடைய பல தட்டுகளில் நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது அந்த ஜூலையில் வெளிவந்தது. தூய அனலாக் ஒலிக்காகவே உயிரை விடும் ரசிகர்கள் பதினோரு ஆண்டுகளாக அந்தத் தட்டுகளைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். ஒருவர் காதுக்கும் அது பிடிபடவில்லை. வாடிக்கையாளர் வழக்கு இரண்டரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மறைத்தது தவறு. ஆனால் அறிவியல் சொல்லும் பாடம் தெளிவானது: நல்ல டிஜிட்டல் பதிவு காதுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

பிறகு ஏன் திரும்பி வந்தது?

2008 ஏப்ரலில் அமெரிக்காவின் தனித்தியங்கும் இசைக் கடைகள் ஒன்றுசேர்ந்து முதல் ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’யைக் கொண்டாடின. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பாட்டிஃபை தொடங்கியது. ஸ்ட்ரீமிங்கும் வினைலும் ஒருங்கே வளர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று எடுத்துக்கொண்டதை மற்றது திருப்பித் தருகிறது.

ஸ்ட்ரீமிங்கில் நாம் பாட்டை வாங்குவதில்லை. சந்தா இருக்கும்வரை, உரிமையாளர் விரும்பும்வரை கேட்கிறோம். 2022 ஜனவரியில் நீல் யங் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். மாதச் சந்தா கட்டிய ரசிகர்களுக்கு 2024 மார்ச்சில் அவர் திரும்பி வரும்வரை அவை அங்கே கிடைக்கவில்லை. அவருடைய தட்டை வைத்திருந்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. கலைஞரின் பக்கமும் பார்க்க வேண்டும். ஒருமுறை ஸ்ட்ரீம் செய்தால் ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஒரு தட்டு விற்றால் டாலர் கணக்கில் கிடைக்கும். சிறு கலைஞர்கள் கச்சேரி அரங்கிலேயே மேசை போட்டுத் தட்டு விற்பது அதனால்தான்.

சந்தை ஆய்வு நிறுவனமான லூமினேட் 2023-இல் வெளியிட்ட தகவல் ஒன்று பலரைத் திகைக்க வைத்தது. அமெரிக்காவில் அண்மையில் வினைல் வாங்கியவர்களில் பாதிப்பேரிடம்தான் தட்டு ஓட்டும் கருவி இருக்கிறது. மற்றவர்களுக்குத் தட்டு ஒரு சொத்து, ஒரு படம், தான் விரும்பும் கலைஞருக்குக் கொடுத்த காணிக்கை. இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை; புத்தகத்தை வாங்கி அடுக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. ஆனால் ஒரே ஆல்பத்தை ஐந்தாறு நிறங்களில் வெளியிட்டு ஒரே ரசிகரிடம் எல்லாவற்றையும் விற்பது எனக்கு உடன்பாடில்லை. தட்டு பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக். குளோரின் கலந்தது, மறுசுழற்சிக்கு எளிதில் வராது. கேட்காமலே கிடக்கப்போகும் தட்டுக்கு அந்தச் செலவு தகாது.

கேட்கப்படும் தட்டு வேறு. உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, முள்ளை வைத்தால் 22 நிமிடத்துக்கு அடுத்த பாட்டுக்குத் தாவும் எண்ணம் வருவதில்லை. இருபது நிமிட எல்லை, அமைதியான கடைசிப் பாட்டு, நிதானமான உரம் எல்லாம் இயற்பியல் விதித்த கட்டுப்பாடுகள். அவற்றுக்குள் வேலைசெய்த மனிதர்கள் ஆல்பம் என்ற வடிவத்தையே படைத்தார்கள். எல்லையே இல்லாத ஸ்ட்ரீமிங்கில் அலைந்தவர்கள் அந்த எல்லையைத் தேடி வருகிறார்கள். தட்டு வென்றது ஒலித்தரத்தில் அல்ல; கேட்பவரை உட்கார வைப்பதில்.

வடிவமாக நிற்கும் ஒலி

தட்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. பள்ளம் ஒலியின் வடிவம் என்பதால், அதைப் படிக்கக் குறியீட்டின் சாவி தேவையில்லை. பாரீஸைச் சேர்ந்த எடுவார்-லெயோன் ஸ்காட் தெ மார்ட்டன்வில் 1860-இல் புகைக்கரி பூசிய தாளில் ஒரு குரலின் அதிர்வைக் கோடாக வரைந்து வைத்தார். அதைத் திருப்பிக் கேட்க அவரிடம் கருவியே இல்லை. 148 ஆண்டுகள் கழித்து, 2008-இல், அந்தத் தாளைக் கணினியில் வருடி ஆய்வாளர்கள் அதைப் பாட வைத்தார்கள். அதற்கு உதவிய லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர், முள்ளே படாமல் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியாக்கும் முறையை உருவாக்கியிருந்தார். உடைந்த தட்டும் இன்று பேசுகிறது. இருபதாண்டு பழைய கணினிக் கோப்பைத் திறக்க மென்பொருள் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நம் வீடுகளின் பரண்களில் 78 சுற்றுத் தட்டுகளும் எல்.பி.க்களும் இன்னும் கிடக்கின்றன. நாடகப் பாட்டு, கீர்த்தனை, பழைய திரைப்பாட்டு என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருக்கலாம். அவற்றைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் வளையும். ஷெல்லாக் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். எல்.பி.க்குரிய முள்ளால் 78 தட்டை ஓட்டாதீர்கள்; பழைய எஃகு முள்ளை எல்.பி.மீது வைக்கவே வைக்காதீர்கள். தகுந்த கருவி உள்ளவரிடம் கொடுத்து டிஜிட்டல் பிரதி எடுத்து நாலு பேரிடம் பகிருங்கள். அதன் பிறகும் தட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மூலப்பிரதி அதுதான்.